எழுபது நிமிஷம்

"என் பொண்ணுதும்மா. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க."

மூச்சு வாங்க வந்து நின்றவர் குழந்தைகள் வார்டு ஊழியர். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நாலு மாடியையும் படியிலேயே ஓடிக் கடப்பதால், ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் பெயர். கையில் ஒரு சின்னக் குழாய். உள்ளே முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர், பத்துச் சொட்டு இருந்தால் அதிகம்.

லேப் டெக்னீஷியன் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. மூளைக்காய்ச்சல் சந்தேகம், கழுத்து விறைத்துவிட்டது என்று அவர் சொன்னதும் சாப்பிடக் கிளம்பியவள் மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டாள். வரிசைப்படிதான் எடுக்க வேண்டும் என்று மேலதிகாரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பெற்றவர் கண்ணெதிரே நிற்கும்போது வரிசையாவது ஒன்றாவது என்று இதை முதலில் மெஷினில் வைத்தாள்.

கிருமியின் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் மெஷின் அது. எழுபது நிமிஷத்தில் இன்ன கிருமி என்று சொல்லிவிடும். அதுவரை டாக்டர்கள் குத்துமதிப்பாகத்தான் மருந்து ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

வாசல் பெஞ்சில் உட்கார்ந்தவர் போகவே இல்லை. அவள் கேட்காமலே பேசினார். பொண்ணுக்கு ஆறு வயசாம், வாய் ஓயாதாம். மாடிப்படியில் இவர் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாளாம். தேடுகிற மாதிரி நடிக்காவிட்டால் அன்றைக்கெல்லாம் டூவாம்.

"வேலை அலுப்புல பாதி நாள் தேடாமலே விட்டுட்டேம்மா. வீட்டுக்குள்ள நுழைஞ்சா இப்பவும் கண்ணு கதவுக்குப் பின்னாடிதான் போவுது. ஒரே ஒரு தடவை ஒளிஞ்சுக்கிட்டாள்னா போதும், நாளெல்லாம் தேடுவேன்."

அவள் திரும்பி மெஷினைப் பார்த்தாள். எப்படியாவது இந்த மனிதர் தேடும்படி ஆகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

திரையில் கோடு மேலேறியது. கிருமி இருந்தது, எது என்றும் தெரிந்துவிட்டது. இப்போதே சரியான மருந்து போட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். அவசரமாகக் கையெழுத்துப் போடும்போதுதான் படிவத்தில் கண் போனது.

'ஆண். ஒன்பது மாதம்.'

திக்கென்றது. குழாய் மாறியிருந்தால் ரிப்போர்ட் செல்லாது. பிஞ்சு முதுகில் இன்னொரு முறை ஊசி குத்தவேண்டும். இன்னும் எழுபது நிமிஷம் போய்விடும். உடனே வார்டுக்குப் போன் போட்டாள். நர்ஸ் குழாயின் நம்பரைப் படித்தாள். சரியாக ஒத்துப்போனது. ஆண் குழந்தைதான், மருந்தை மாற்றப் போகிறோம், நல்ல நேரத்தில் சொன்னீர்கள் என்றாள்.

அப்படியானால் இவருடைய மகளின் குழாய் எங்கே? அவள் வெளியே ஓடினாள்.

"அண்ணா, இது ஒரு பையனோடது. உங்க பொண்ணோட டியூப்பை எங்க வெச்சீங்க?"

அவர் மெல்ல எழுந்தார். "பையன் பொழைச்சுக்குவானாம்மா?"

"பொழைச்சுக்குவான். உங்க பொண்ணு?"

"எந்தக் குழந்தையோடதைக் கொண்டு வந்தாலும் எனக்கு வாய்ல 'என் பொண்ணுது'ன்னுதான் வருது. எங்களுக்கு அப்ப இந்த மெஷின் இல்லம்மா. கிருமியை வளர்த்துப் பார்த்து மூணாம் நாள் ரிசல்ட் குடுத்தாங்க. அவ ரெண்டாம் நாளே போயிட்டா."