வாசலில் நிற்கும் பேருந்து

பெயர் வாசிக்கப்பட்ட பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து, வாசலில் நின்ற வெள்ளைப் பேருந்தில் ஏறினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிரேமினி மைதான வேலியின் இரும்புக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அக்கா இப்பிடி நடுங்கிறியள்?" பக்கத்தில் நின்ற அனிற்றா சிரித்தாள். "நாப்போலியில விடுதி, படிப்பு, பந்து எல்லாம் சும்மா குடுக்கிறாங்கள். என்ர மகனை எடுத்திருந்தா நான் இஞ்சையே ஆடியிருப்பன்!"

"ஓம்" என்றாள் பிரேமினி.

இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்தை ஒட்டிய சின்னக் கால்பந்து மைதானம் அது; நாப்போலி நகரின் கால்பந்துப் பள்ளிக்கு அன்று பையன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சுவருக்கு அப்பால் நாப்போலி போகும் கப்பல் ஊதியது.

போர் முடிந்த அன்று வன்னியிலும் இப்படித்தான் ஒரு வெளியில் இராணுவத்தினர் பெயர் வாசித்தார்கள். அவளுடைய தம்பி யசிந்தன், "இந்தா வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினான். இன்னும் வரவில்லை.

மகன் நிதர்சனிடம் அவள் இதைச் சொன்னதே இல்லை. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பேருந்து வரும் காலைகளில் அவனுக்குக் காய்ச்சல் என்று ஆசிரியையிடம் சொல்லிவிடுவாள். அவ்வளவுதான்.

மிச்சம் ஒரே ஒரு இடம். 'மிஸ்டர்' என்று பிள்ளைகள் அழைக்கும் பயிற்சியாளர் பந்தைப் பெனால்டிப் புள்ளியில் வைத்துவிட்டு நிதர்சனைக் கூப்பிட்டார். பந்து உள்ளே போனால், அவனும் அந்தப் பேருந்தில் ஏறவேண்டும்.

"பாருங்கோ, வலை கிழியப்போகுது!" அனிற்றா துள்ளினாள். "இவன்ர அடி எப்பவாவது பிழைச்சிருக்கே?"

கடவுளே, இன்றைக்கு மட்டும் அடி தவறட்டும் என்று பிரேமினி கண்களை மூடினாள். மூடியிருக்கவும் பயமாக இருந்தது, திறந்தாள்.

நிதர்சன் கோல் கம்பங்களைப் பார்க்கவில்லை. பேருந்தைப் பார்த்தான். பிறகு, கம்பியைப் பிடித்தபடி நின்ற தாயைப் பார்த்தான். ஓடி வந்து உதைத்தான்.

பந்து வெகுதூரம் விலகிப் போய்ச் சுவரில் மோதியது. அனிற்றா தலையில் கைவைத்துக்கொண்டாள். அவன் ஏறாமலே பேருந்தின் கதவு மூடியது. பிரேமினிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவன் வெளியே வந்ததும், தன் நிம்மதி முகத்தில் தெரிந்துவிடாதபடி அவன் தலையைத் தடவினாள். "கவலைப்படாதை அப்பன். அடுத்த வருசம் வடிவா அடிப்பாய்."

நிதர்சன் அவளுடைய கையைப் பிடித்தான். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"பயப்பிடாதேங்கோ அம்மா. அடுத்த வருசமும் வெளியாலைதான் அடிப்பன்."