பிளக்கில் நெருப்பில்லை

மகனுக்கு டயகமவில் பெண் பார்க்கப் போக, கொட்டகலைக் கடைவீதியில் கார் தயாராக நின்றது.

"வெள்ளிக்கிழமைங்க. பன்னெண்டு மணி வரைக்கும் ராகு காலம். கொஞ்சம் பொறுத்துப் போவோமே," என்றாள் பரிமளம்.

அவள் கணவர் ஜவுளிக்கடை அழகையா, பகுத்தறிவுச் சங்கத் தலைவர். சீறினார். "ராகுவாவது கேதுவாவது! ஏறு வண்டியில!"

டிரைவர் மூக்கன் எத்தனை முறை முடுக்கியும் கார் கிளம்பவில்லை. இறங்கிப் பானெட்டைத் திறந்தான்.

"பேட்டரி நல்லாருக்கு, பெட்ரோலும் வருது. பிளக்குலதான் நெருப்பு வரல மொதலாளி." பிளக்குகளுக்கு நெருப்பைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தவன், முதலாளியை ஒருமுறை ஏறிட்டுவிட்டு மூடினான்.

பரிமளம் சிரித்தாள்.

"நீ ஏதும் வேல பண்ணுனியா?" என்று அவள்மேல் பாய்ந்தார் அழகையா.

"எனக்கு அதுல என்னங்க தெரியும்? எல்லாம் கதிர்காமத்து முருகன் செயல்."

தேயிலைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

"தள்ளு, நான் பாக்குறேன்," என்று அழகையா பானெட்டுக்குள் தலையை விட்டார். அடுத்த முடுக்கலிலேயே கார் உறுமியது.

முன்சீட்டில் வந்து உட்கார்ந்தவரின் காதருகே மூக்கன் குனிந்தான். "டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற ரோட்டரக் கழட்டிச் சட்டப்பையில வச்சிக்கிட்டு, என்னைய இம்புட்டு நேரம் தேட விட்டீங்களே மொதலாளி! சொல்லியிருந்தா நானே கழட்டியிருப்பேனே."

"மெதுவாப் பேசுடா! பின்னால இருக்கிறவ காதுல விழுந்தா, என்னையக் காவடி தூக்க வச்சிருவா!"