தபாலில் போன அழைப்பு

உதியன்குளங்கரை வீட்டு முற்றத்துப் பந்தலில், வரிசை குலையாத இருபது நாற்காலிகளுக்கு நடுவே நேசதாஸ் தனியாக நிற்கிறார். மணி இரண்டாகிறது. நான்கு நாடுகளில் தூதரக அதிகாரியாக இருந்துவிட்டு, இரண்டு வருட விடுப்பில் திருவனந்தபுரத்துப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் பாடம் நடத்த வந்தவர். அக்கம்பக்கத்தாரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். தங்க விளிம்பு வைத்த அட்டை, வீட்டுக்கொன்றாகத் தபாலில். மேசையில் விருந்தாளிகளின் பெயரெழுதிய சீட்டுகள் மடித்து நிற்கின்றன. ‘தங்கப்பன்’ மேல் ஒரு ஈ உட்கார்ந்து கை தேய்க்கிறது. ஆறிப்போன அவியலிலிருந்து தேங்காயெண்ணெய் மணம் வருகிறது. பந்தல் துணி படபடத்து அடங்கும்போது, வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சரோஜத்தின் வளையல் சத்தம் கேட்கிறது. அவள் துணி உலர்த்துகிறாள்.

“கார்டு கிடைக்கலையாம்மா?”

“கிட்டிச்சு சாறே. அலமாரியில பத்திரமா வச்சிருக்கேன்.” ஈரச் சேலையை உதறிவிட்டுத் தயங்குகிறாள். “ஆனா வீட்டுல வந்து ஒரு வாக்கு விளிக்காம எப்படி வாறது? எங்கள விளிச்சது தபால்காரனாக்கும்.”

வெள்ளிக்கிழமை கரும்பலகையில் அவரே எழுதி அடிக்கோடிட்ட வரி அவருக்கு நினைவு வருகிறது: புதிதாக வரும் தூதர், ஏற்கெனவே அங்கிருப்பவர்களின் வாசலுக்குத் தானே முதலில் போக வேண்டும். முப்பது பேர் அதை நோட்டில் இறக்கிக்கொண்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வேலியோரமாக நடக்கிறார். குடிவந்து ஆறு மாதமாகிறது. சரோஜத்தின் வாசல் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை.