அணைக்காத கம்ப்யூட்டர்

தங்கதுரை குளித்தான், டீ போட்டுக் குடித்தான், மானிட்டரைத் துடைத்தான். ஷிஃப்டுக்குக் கிளம்புமுன், வரச் சொல்லியிருந்த கம்ப்யூட்டர் கடைக் கோபி உத்தனப்பள்ளியிலிருந்து வந்துவிட்டான்.

"ஹார்ட் டிஸ்க் கரகரங்குதுண்ணா. இன்னிக்கோ நாளைக்கோ போயிரும். புதுசு இந்தப் பழைய மதர்போர்டுல சேருமான்னு ஆஃப் பண்ணிக் கழட்டித்தான் பாக்கணும்."

"ஆஃப் பண்ணாமப் பாரு."

"ஓடற பஸ்ல டயர் மாத்தச் சொல்றீங்களே!" கோபி சிரித்தான். திரையில் ஏதோ மெஷின் பாகத்தின் படம் பாதி வரைந்தபடி நின்றது. "அக்கா வரையறதா? போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுருங்க."

தங்கதுரை சுவிட்சைக் கையால் மறைத்துக்கொண்டான். மனைவி மோகனப்ரியாவைச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்த அன்றும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் கடைசியாகச் சொன்னாள்: "கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிராதீங்க. வந்து முடிச்சிடறேன்."