ஏழாவது தாள்

“என்கிட்ட மன்னிப்பு கேளுங்க, சார்.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே கீபோர்டுகளின் சத்தம் சட்டென்று நின்றது. இந்த மேனேஜரை மட்டும் மன்னிப்புக் கேட்கச் சொல்லிவிடாதே என்று, அவள் கிளார்க்காகச் சேர்ந்த அன்றே அக்கவுண்டன்ட் அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “மனுஷன் எப்ப சிரிப்பார், எப்ப எரிஞ்சு விழுவார்னு ஆண்டவனுக்கே தெரியாதுடி. கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது.”

“மன்னிப்பா? எதுக்கு?”

“படிப்பு வாசனையே இல்லாத வீட்டுலேர்ந்து வந்தா இப்படித்தான்னு நேத்து எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே, அதுக்கு!”

அவர் முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது.

“என்ன திமிர்! ரெண்டு தடவை உன் ராஜினாமாவைக் கிழிச்சுப் போட்டேன்ல? ரிலீவிங் லெட்டர் இல்லாம திங்கக்கிழமை எவன் உன்னைப் புது வேலைக்குச் சேர்க்கிறான்னு பார்க்கறேன். இங்கேயே கிட!”

கத்திக்கொண்டே, அவள் நீட்டிய கையெழுத்து ஃபைலைப் பிடுங்கினார். தாள் கிழிகிற வேகத்தில் பத்துக் கையெழுத்தும் போட்டு அவள் காலடியில் விட்டெறிந்தார். “எடுத்துட்டு வெளியே போ!”

வெளியே வந்தவளை அக்கா பிடித்துக்கொண்டாள்.

“பைத்தியக்காரி! இன்னிக்குப் போயா அவரைச் சீண்டுவே? இனி அந்த லெட்டரை எப்படிடி வாங்குவே?”

அவள் ஃபைலிலிருந்து ஏழாவது தாளை மட்டும் உருவிப் பையில் வைத்தாள்.

“வாங்கிட்டேன்க்கா. நல்ல மூட்ல இருந்திருந்தா படிச்சுப் பார்த்துல்ல கையெழுத்துப் போட்டிருப்பார்? மன்னிப்பு மட்டும்தான் பாக்கி. அதை அவரே வச்சுக்கட்டும்.”

விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.