எந்த ஓடை?

“இவ்வளவு பெருசு வேணாம் தம்பி. நான் ஒருத்தியே தூக்கி வண்டியில ஏத்தணும்.”

வெண்டல் துடைத்துப் பளபளப்பாக்கி வாசலில் நிறுத்தியிருந்த ஹைபேங்கரை இர்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மலைப்பக்கத்தில் தங்கம் அலசுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை அவனுடையது. பெரியதை விற்றால்தான் அவனுக்கு லாபம்.

“சின்னதுல அலசுனா முதுகுதாம்மா ஒடியும்.”

“என் முதுகுதானே. ஒடிஞ்சா ஒடியட்டும்.”

ஹைபேங்கர் என்பது சாய்வாக நிற்கும் நாலுகால் தகரப் பெட்டிதான். மண்ணைக் கொட்டி பம்பில் தண்ணீர் அடித்தால், கல் மேல் சல்லடையில் உருண்டு வெளியே போகும். மண் கீழே ஓடும். கனமான தங்கம் மட்டும் குறுக்குப் பட்டைகளில் சிக்கிக்கொள்ளும். வெண்டல் கொல்லையில் கிடந்த பழைய பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டான். இருவரும் சேர்ந்து அதை வெட்டிச் சிறிதாக்க ஆரம்பித்தார்கள்.

“எந்த ஓடை?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த ஊரில் ஒருவரின் சம்பளத்தைக்கூடக் கேட்கலாம், மண் அள்ளும் இடத்தைக் கேட்கக் கூடாது.

“ஓடை இல்ல. டிரம்ல தண்ணி கொண்டுபோறேன். அதே தண்ணி சுத்திச் சுத்தி வரணும்.”

ஓடையே இல்லாத இடத்தில் தங்கமா? வெண்டலின் காது விடைத்துக்கொண்டது.

“மண்ணு எப்படி இருக்கும்? அதுக்கேத்த மாதிரி பட்டை வைக்கணும்ல.”

“கறுப்பு. மாவு மாதிரி இருக்கும், ஊதுனா பறக்கும். நடுவுல ஆணியும் உடைஞ்ச கண்ணாடியும் கிடக்கும்.”

ஆணி, கண்ணாடி. அப்படியென்றால் ஒரு காலத்தில் ஆட்கள் குடியிருந்த இடம். அந்தக் காலத்துத் தங்க முகாம் ஏதோ ஒன்று யார் கண்ணிலும் படாமல் மண்மூடிக் கிடக்கிறது என்று வெண்டல் முடிவே கட்டிவிட்டான்.

“தங்கம் தூளா, கட்டியா?”

“கட்டி. பட்டாணி அளவு இருக்கும். கல்லோட சேர்ந்து வெளிய ஓடிடக் கூடாது. சல்லடை ஓட்டையைப் பெருசாக்கு.”

பெரிதாக்கினான். இர்மா தூண்டில் ஈயக்குண்டு ஒன்றை மண்ணோடு கலந்து பெட்டியில் போட்டாள். குண்டு பட்டைகளைத் தாண்டி வழுக்கிக் கீழே விழுந்தது.

“சாய்வு அதிகம். காலை இறக்கு.”

இறக்கினான். இந்த முறை மண்ணே நகராமல் அடைத்துக்கொண்டது.

“கொஞ்சம் ஏத்து. இன்னொரு தடவை.”

“போதும்மா, விடுங்க. ஒண்ணு ரெண்டு போனா போகட்டும். எல்லாருக்கும் போறதுதான்.”

“எனக்குப் போகக் கூடாது,” என்றாள் இர்மா. குளிர்ந்த தண்ணீரில் அவளது கை விறைத்துச் சிவந்திருந்தது. குண்டு ஒவ்வொரு முறையும் முதல் பட்டையிலேயே நிற்கும்வரை அவள் விடவில்லை.

“நிதானமா செய்யலாமே, என்ன அவசரம்?”

“வெள்ளிக்கிழமை பெரிய மெஷினுங்க வந்துடும். ஒரு பிடி மண்ணு விடாம வாரிட்டுப் போயிடுவாங்க. அதுக்குள்ள எடுத்தாகணும்.”

“கம்பெனிக்காரங்களா? எழுதிக் குடுத்துட்டீங்களா?”

“எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க, நானும் போட்டேன்.”

புதையலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறதே இந்த அம்மா என்று வெண்டலுக்கு வயிறு எரிந்தது.

“நானும் கூட வரேம்மா. கால் பங்கு குடுத்தா போதும்.”

“பங்கு போட முடியாது தம்பி. இருக்கறதே ஒண்ணுதான்.”

தங்கம் அலசுகிறவர்கள் பொய் சொல்வதுண்டு. ஆனால் இவ்வளவு கூசாமல் சொன்னவரை அவன் கண்டதில்லை.

மறுநாள் விடிந்ததும் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அவள் வண்டிக்குப் பின்னால் தன் வண்டியை விட்டான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

இர்மா காட்டுப்பாதை எதிலும் திரும்பவில்லை. மலையைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கினாள். போன மாதம் காட்டுத்தீயில் எரிந்துபோன ஊர் அங்கே இருந்தது. டிவியில் பார்த்து உச்சுக்கொட்டியதோடு வெண்டல் அதை மறந்துவிட்டிருந்தான். தெரு நெடுகப் புகைபோக்கிகள் மட்டும் நின்றன. வெள்ளிக்கிழமை சாம்பலையும் இடிபாடுகளையும் அள்ளப்போவதாகத் தெருமுனையில் அரசாங்கப் பலகை ஒன்று சொன்னது. அவள் ஒரு வெறும் சிமெண்டுத் தரையின் ஓரத்தில் வண்டியை நிறுத்திப் பெட்டியை இறக்கினாள்.

ஒளிந்துகொள்ள அங்கே ஒரு சுவர்கூட இல்லை. அவனைப் பார்த்தும் அவள் திடுக்கிடவில்லை.

“வந்துட்டியா? பம்பு தண்ணி இழுக்க மாட்டேங்குது. என்னன்னு பாரு.”

வெண்டல் குனிந்து பம்பைச் சரிசெய்தான். தண்ணீர் பாய்ந்தது. இர்மா சாம்பலை வாரிக் கொட்டினாள். ஆணிகள் சல்லடையில் உருண்டன. தன்னை நினைக்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

“நகை ஏதாவது வச்சிருந்தீங்களாம்மா?”

“மோதிரம். கல்யாண மோதிரம். இந்நேரம் உருகி உருண்டையாயிருக்கும்.”

“கழட்டி எங்க வச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா? அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.”

இர்மா வலது கையில் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து, மோதிரம் போட்டிருந்த இடது கையை அவனிடம் காட்டினாள்.

“என்னுது இங்கதான் இருக்கு தம்பி. நான் தேடறது அவரோடத. கட்டில் இந்த இடத்துலதான் கிடந்துச்சு. எந்திரிக்க முடியாத மனுஷன், கடைசிவரைக்கும் அதைக் கழட்டவே இல்ல.”