ஒரு வளைவு குறைகிறது

"எல்போ இல்லேன்னா பெண்ட் கொடுங்க. குழாய் வெடுக்குன்னு திரும்பினா எல்போ, நிதானமா திரும்பினா பெண்ட். எப்படியோ ஒண்ணு, எனக்குத் தண்ணி திரும்பணும்."

ஹார்டுவேர் கடைக்காரர் அட்டைப்பெட்டிக்குள் விட்ட கையை எடுக்காமலே டெய்லரக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"முக்கால் இஞ்சுல எல்போ ரெண்டுதான் இருக்குக்கா. பெண்ட் சுத்தமா இல்ல. எதுக்கு இதெல்லாம்?"

"ஃபில்டர் செய்யப் போறேன். மேல் வாளியில ஜல்லியும் மணலும், கீழ் வாளியில கரி. மேல இருந்து இறங்க ஒரு திருப்பம், கீழ் வாளிக்குள்ள நுழைய ஒரு திருப்பம், அங்கேருந்து தொட்டியில விழ ஒரு திருப்பம். ரெண்டே ரெண்டு கொடுத்தா தண்ணி பாதி வழியில நின்னு யோசிக்கும்."

"அப்படி என்னக்கா அவசரம்?"

அவசரம்தான். நர்சுகளுக்கு இருபது வெள்ளைக் கோட்டு தைக்க வேண்டும். துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டினால் பிறகு சுருங்கிவிடும். வீட்டுக் குழாயிலோ ஆறு மாதமாகத் துருத் தண்ணீர். நேற்று நனைத்த ஒரு முழத் துண்டு டீ வடிகட்டியது போல் ஆகிவிட்டது. இன்றைக்குள் நனைக்காவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும்.

"இதுக்கு ஏன் நீங்க அல்லாடறீங்க? குழாய் மாஸ்டர்னு ஒருத்தர் இருக்கார், தங்கமான மனுஷன். எங்க வீட்டுல ஒழுகுதுன்னு போன் பண்ணி வாயை மூடல, வந்து நின்னுட்டார்."

டெய்லரக்கா சிரித்தாள். அது சந்தோஷத்தில் வந்த சிரிப்பு இல்லை.

"உங்களுக்கு வருவார். நான் ஆறு மாசமா கூப்பிடறேன். கேட்டா 'நாளைக்கு'ங்கறார். அவருக்கு நாளைங்கறது ஒரு நாள் இல்லீங்க, ஒரு வியாதி."

"உங்களுக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா?"

"இதுவரைக்கும் இல்ல. இன்னைக்கு வந்தாலும் வரும்."

"நம்பர் தரேன், நீங்களே பேசிப் பாருங்க."

"நம்பரெல்லாம் மனப்பாடம்." அங்கேயே போனை அடித்தாள். "இன்னைக்காவது அந்தக் குழாயைப் பார்ப்பீங்களா, மாட்டீங்களா?"

எதிர்முனையில் தண்ணீர் பீறிடும் சத்தம். நடுவே ஒரு குரல் கத்தியது.

"நாளைக்கு முதல் வேலை அதுதாம்மா! சத்தியமா!"

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ரெண்டு எல்போ, மூணு முழம் பிளாஸ்டிக் பைப்பு" என்றாள்.

"பைப்பு எதுக்கு?"

"மூணாவதை நானே வளைக்கறேன்."

"நீங்க பிளம்பிங் ஏதாவது படிச்சிருக்கீங்களாக்கா?"

"படிப்பெல்லாம் இல்லீங்க. எல்லாம் காதுல விழுந்ததுதான்."

வீட்டில் பக்கத்து வீட்டு டீச்சர் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தாள். அக்கா பைப்பை மூன்றாக அறுத்தாள். முதல் துண்டை அடுப்பில் காட்டி வளைத்ததும் நடுவில் நசுங்கிப்போயிற்று.

"அக்கா, இது பெண்டா, ஆட்டுக் கொம்பா?"

"அட, உள்ளே மணல் ரொப்பணும்ல!" என்று அக்கா நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

இரண்டாவது துண்டில் மணல் நிரப்பி, இரண்டு முனையிலும் துணி அடைத்து, பதமாகச் சூடாக்கி, குடத்தின் வயிற்றில் வைத்து வளைத்தாள். அது தேவைக்கு மேல் வளைந்துகொண்டது.

"கேள்விக்குறி!" என்றாள் டீச்சர். "பதில் எப்ப வரும்?"

அக்கா, சட்டையில் கைக்குழி வரைகிற வளைந்த ஸ்கேலை எடுத்துத் தரையில் சாக்பீசால் கோடு போட்டாள். கடைசித் துண்டைச் சூடாக்கி, கோட்டின் மேலேயே வைத்து வளைத்தாள். சட்டைக்குக் கை வெட்டியது மாதிரி அழகாக வந்தது.

பொருத்தினால் மூட்டில் ஒழுகிற்று. சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றினாள். அதன் மேல் பாவாடை எலாஸ்டிக். பழக்க தோஷம், அதற்கும் ஊசியால் மூன்று தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

தண்ணீர் வந்தது. கன்னங்கரேலென்று வந்தது.

"துருத் தண்ணியே தேவலை போலிருக்கே!" டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா விடவில்லை. "கரித்தூள்தான். முதல்ல அப்படித்தான் வரும். ஊத்து, ஊத்து."

நாலாவது வாளிக்கு அழுக்கு குறைந்தது. ஆறாவது வாளிக்குத் தொட்டியின் அடி தெரிந்தது. வெள்ளைத் துண்டு ஒன்றை முக்கி எடுத்தாள். வெள்ளை மாறாமல் போனபடியே திரும்பி வந்தது. அக்கா அந்த ஈரத் துண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பொழுது சாயும்போது முற்றம் முழுக்க வெள்ளைத் துணி ஆடிக்கொண்டிருந்தது. டீச்சர் தன் வீட்டுக்குப் போயிருந்தாள். வாசலில் ஸ்பேனர் பை தொப்பென்று விழுந்தது. குழாய் மாஸ்டர்!

"நாளைக்குன்னீங்க?" என்றாள் அக்கா, இடுப்பில் கை வைத்து.

அவர் வாளிகளைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து மூன்றாவது வளைவை விரலால் தட்டினார். எலாஸ்டிக்கைச் சுண்டிப் பார்த்தார்.

"மணல் ரொப்பி வளைச்சிருக்கான். கை தேர்ந்த வேலைக்காரன்" என்று முனகினார். முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து சட்டையைக் கழற்றி, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கட்டின புருஷன் நான் ஒரு பிளம்பர் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்... என்னை விட்டுட்டு எவனைக் கூப்பிட்ட?"